இன்னும் ஈராண்டு எதற்கு?

மகன் சிவில் பொறியியலில் பட்டம் பெற்றுவிட்டான். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலையும் காத்திருக்கிறது. அவ்வேளையில், "அப்பா, மேலும் ஈராண்டு படிக்க விரும்புகிறேன்" என்று அவன் சொன்னால் வீட்டில் என்ன நிகழும்? "கல்விக் கடனை யார் அடைப்பது? தங்கையின் திருமணம் என்னாவது?" தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பல இல்லங்களில் எழும் கேள்விகள் இவை. அவற்றில் நியாயம் உண்டு. ஆயினும் விடையை அவசரமாகச் சொல்லிவிடலாகாது என்பதே நம் கருத்து.

நான்காண்டுப் பட்டப்படிப்பு வீடு, சாலை, பாலம், குடிநீர், கழிவுநீர் என அனைத்திலும் சிறிது கற்பிக்கிறது. முதுநிலைப் படிப்போ அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் ஆழத்திற்கு அழைத்துச் செல்கிறது. கட்டமைப்பு, மண்ணும் அடித்தளமும், நீர்வளம், சுற்றுச்சூழல், போக்குவரத்து எனப் பிரிவுகள் பல.

இவ்வாழ்ந்த அறிவு நமக்குத் தேவையா? 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகள் நீரில் மூழ்கின. ஒரு நாளில் இவ்வளவு மழை பெய்தால் எவ்வளவு நீர் நிலத்தில் ஊறும், எவ்வளவு ஓடும், அது கால்வாயை எத்தனை நாழிகையில் வந்தடையும் என்று கணிப்பதே நீர்வளப் பொறியாளரின் பணி. மனை வாங்குமுன் இக்கணக்கைக் கேட்டறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

அதற்கு முந்தைய ஆண்டு, 2014 ஜூன் 28 அன்று, மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. மண் எவ்வளவு பாரம் தாங்கும், தூண் எவ்வளவு சுமக்கும் என்பவை வெறும் தேர்வுக் கேள்விகள் அல்ல என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இனி, செலவைப் பார்ப்போம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் எளிதில் செல்லும் தொலைவிலேயே உள்ளது. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதனருகில்தான். 'கேட்' தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர முதுநிலைப் படிப்பில் சேருவோர்க்குத் திங்கள்தோறும் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அத்தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். எனவே ஓராண்டு வேலை பார்த்து, கடனில் ஒரு பகுதியை அடைத்துவிட்டுச் சேருவதும் இயலும். வேலைத்தளத்தில் நின்று பழகியவனுக்கு எதைக் கற்கவேண்டும் என்பதும் தெளிவாகும்.

மகளுக்கு இத்துறை எதற்கு என்று கேட்போரும் உளர். கிண்டியில் 1944-இல் சிவில் பொறியியல் பட்டம் பெற்ற பி.கே. திரேசியா அம்மையார், 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை ஏற்ற முதற் பெண்மணி அவரே.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறுவோம். வேலை கிடைக்கவில்லை, ஆதலால் படிக்கிறேன் என்பது தகுந்த காரணமன்று. ஆகவே பெற்றோரே, "இன்னும் ஈராண்டு எதற்கு?" என்ற கேள்வியைக் கோபத்தோடு கேளாதீர், உண்மையாகவே கேளுங்கள். எப்பிரிவு, ஏன் என்று பிள்ளை தெளிவாக விடை சொன்னால், அந்த ஈராண்டை மனமுவந்து அளியுங்கள்.