துணைநூற் பட்டியலுக்கு மூன்று வரி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் துணைநூற் பட்டியலைப் படிப்பவர் மிகச் சிலரே. எழுதுபவரிலும் பலர் அதைக் கடைசி இரவில்தான் எழுதுகின்றனர். நானும் அவ்வாறே செய்தேன். எங்கள் ஊர் ஏரிக்கரைச் செடிகளைப் பற்றிய சிறு ஆய்வேட்டிற்கு 22 நூல்களைப் பட்டியலிட்டுப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் பென்சிலால் மூன்றைச் சுட்டி, "இவற்றில் என்ன இருக்கிறது, தம்பி?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. நான் கண்ணால் கண்டவை 6. மற்றவை வேறொருவர் பட்டியலிலிருந்து எடுத்து எழுதியவை.

"பார்த்த நூலை மட்டும் வைத்துக்கொள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி எழுதி வா" என்று அனுப்பிவிட்டார். அந்நூல் எதைப் பற்றியது, எவ்வளவு நம்பலாம், நம் ஆய்வுக்கு எங்கே பயன்படும் என்பவற்றைச் சொந்த நடையில் எழுத வேண்டும். முன்னுரையைப் பார்த்து எழுதினால் பயனில்லை.

காம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூலை எடுத்துக்கொள்வோம். அது 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. காம்பிள் 1925இல் மறைய, எஞ்சியதை ஃபிஷர் முடித்தார். என் கைக்குக் கிடைத்தது 1957ஆம் ஆண்டு மறுபதிப்பு. வெறுமனே 1957 என்று போட்டால், அதிலுள்ள செய்திகள் சுதந்திரத்திற்குப் பின் திரட்டியவை என்றல்லவா படிப்பவர் எண்ணுவார்?

பெயர்த் தொல்லை இதைவிடப் பெரிது. நம் கருவேல மரம் காம்பிள் நூலில் அகேசியா அரபிக்கா. பின்வந்த நூல்களில் அகேசியா நிலோட்டிகா. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களின் பக்கம் கொடுத்துவிட்டதால், இன்று அது வாச்செல்லியா நிலோட்டிகா! ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடுபவனுக்கு மற்ற இரு பெயர்களில் எழுதப்பட்டவை அகப்படா. நானோ கரிசலாங்கண்ணியை எக்ளிப்டா ஆல்பா என்றும் எக்ளிப்டா புராஸ்டிரேட்டா என்றும் இரண்டு செடிகளாகவே கணக்கிட்டிருந்தேன். இரண்டும் ஒன்றே. குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது.

ஓர் ஐயம் எஞ்சியது. எந்தச் செடி எந்த மாதத்தில் கரையில் தலைகாட்டும் என்று எனக்குச் சொன்னவர் என் அப்பாயி. கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான். அவரை எப்பட்டியலில் சேர்ப்பது? 'தகவலாளர்' என்று தனித் தலைப்பிட்டுப் பெயர், ஊர், வயது, கேட்ட தேதி ஆகியவற்றை எழுதச் சொன்னார் பேராசிரியர். "அவருக்கும் மூன்று வரி உண்டு" என்றார்.

எவ்வளவு நம்பலாம் என்று அப்பாயியைப் பற்றி எழுத முதலில் கை வரவில்லை. ஆயினும் அவர் கீழாநெல்லி என்று பறித்துத் தந்தவற்றில் இரண்டு இனங்கள் கலந்திருந்தன. 'பருவம் பற்றிய செய்தி நேரில் பார்த்துச் சரிகண்டது. கீழாநெல்லிக்கு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும்' என்று எழுதினேன்.

"என் பேரை எதுக்குச் சாமி புஸ்தகத்துல போடுற?" என்று கேட்டாலும், சம்மதித்தார். வயதுதான் அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஆதார் அட்டையில் உள்ளதை எழுதி, 'அட்டையின்படி' என்று சேர்த்துக்கொண்டேன்.