விற்றது வண்டி, தீராதது பொறுப்பு

விமான நிலையத்தை ஒட்டியுள்ள லம்பா லைனிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எங்கள் கிளைக்கு வந்தார். கடனில் வாங்கிய சிறிய சரக்கு டிரெய்லரை, கடைசித் தவணை கட்டி முடித்ததும் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ரொக்கம் கைமாறியது, ஆவணம் மாறவில்லை. ஓராண்டு கழித்து, அந்த வண்டி மோதிய விபத்துக்கு இழப்பீடு கோரி அவர் பெயருக்கே அறிவிப்பு வந்தது. "வண்டியே என்னிடம் இல்லையே, சார்!" என்றார். வண்டி அவரிடம் இல்லைதான். பதிவுச் சான்றில் பெயர் இருந்தது.

'எஞ்சின் இல்லாத டிரெய்லருக்குப் பதிவு எதற்கு?' என்று பலர் எண்ணுகின்றனர். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 61-ஆம் பிரிவு, மற்ற வாகனங்களுக்குரிய பதிவு விதிகளே டிரெய்லருக்கும் பொருந்தும் என்கிறது. மேலும், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில், வாகனம் பல கை மாறியிருந்தாலும், விபத்து நாளில் யார் பெயரில் பதிவு உள்ளதோ அவரே உரிமையாளர் எனத் தீர்ப்பளித்தது.

ஆகவே விற்பவர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, கடன் தீர்ந்ததும் வங்கியிடம் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள அடமானக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். தவணை முடிந்ததால் அக்குறிப்பு தானே மறைந்துவிடாது. இரண்டாவது, விற்றதைப் படிவம் 29 மூலம் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் படிவம் 30-ஐ 30 நாட்களுக்குள் அளிக்க வேண்டும். சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலேற்றி விற்பதாயின், படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று தேவை. மூன்றாவது, காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றுமாறு வாங்குபவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

விலை பேசுமுன் வண்டியின் நிலையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கடற்காற்றில் அடிச்சட்டமும் இணைப்புக் கொக்கியும் எளிதில் துருப்பிடிக்கும். அதிகம் ஓடாத வண்டியிலும் டயர் ரப்பர் வெடித்துப்போகும். டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம். பின்னர் வழக்கு வராது.

பணம் பெறுவதிலும் விழிப்பு வேண்டும். வருமான வரிச் சட்டப்படி 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதல் கூடாது. வங்கி வழியாகவே பெறுங்கள். இணைய விளம்பரம் பார்த்து, தம்மைப் படைவீரர் எனக் கூறிக்கொண்டு, வண்டியைப் பார்க்காமலே விலைக்கு ஒப்பி, 'பணம் வர இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்' என்பவர்கள் உண்டு. பணம் பெற ஸ்கேன் செய்யவோ, ரகசிய எண் இடவோ ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

சாவியையும் வண்டியையும் ஒப்படைக்கும் நாளிலேயே படிவங்களிலும் கையொப்பமிட்டு, பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் பெயர் மாறிய பிறகே விற்பனை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.