மருந்துச் சீட்டில் பாலும் முட்டையும்

தாய்மார்களே, டாக்டர் கொடுக்கும் சீட்டில் மருந்துக்குப் பதில் பால், முட்டை என்று எழுதியிருந்தால் என்ன நினைப்பீர்கள்? நடந்த சங்கதிதான் இது.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து பொலிவர் மாவட்டம் பருத்தி விளையும் பூமி. பஞ்சு எடுக்க மெஷின் வந்ததும் கறுப்பினத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வேலை போச்சு; அடுப்பு எரியவில்லை. அங்கே மவுண்ட் பாயூ என்ற சிற்றூரில் 1967-இல் டாக்டர் ஜாக் கைகரும் கூட்டாளிகளும் ஒரு சுகாதார நிலையம் திறந்தார்கள். வந்த பிள்ளைகளில் பலருக்குப் பசிதான் நோய். ஆகவே சீட்டில் சாப்பாட்டுச் சாமானை எழுதினார்கள். கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டு, பில்லை நிலையத்தின் மருந்துக் கணக்குக்கு அனுப்பினார்.

மேலிடம் சும்மா இருக்குமா? மருந்துப் பணத்தில் மளிகையா என்று கேட்டார்கள். பட்டினிக்கு மருந்து சாப்பாடுதான் என்று கைகர் பதில் சொன்னார். சரியான பதிலுங்க!

வயிற்றுப்போக்குக்கு மருந்து குடித்த பிள்ளை, வீட்டுக்குப் போனால் குடிப்பது அதே கெட்ட தண்ணீர்தானே? அதனால் கிணறு தோண்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள். ஜான் ஹாட்ச் என்பவர் ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டிப் பேச வைத்தார். பிறகு தொழிலாளிக் குடும்பங்களே கூட்டுறவுப் பண்ணை தொடங்கி, கீரையும் பயறும் விளைவித்தன. விவசாயம் தெரிந்த கைகள். சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை.