உஷார்! குடகில் மழை, புதூரில் கவனம்

திருச்சி எடமலைப்பட்டி புதூர்க்காரர்களுக்கு மலை என்றால் மலைக்கோட்டைதான். குடகு, வயநாடு, நீலகிரி எல்லாம் டிவியில் வரும் ஊர்கள். ஆபத்தே இந்த நினைப்பில்தான் இருக்கிறது.

2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்தது. அந்த மழைநீர் காவிரியில் இறங்கி வர, அதே மாதம் 18-ஆம் தேதி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் இடிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய அணை அது.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. அந்தச் சரிவின் வெள்ளம் சாலியாற்றில் இறங்கி மேற்கே போய்விட்டது. மலைக்கு இந்தப் பக்கம் பெய்த மழையோ கபினி வழியாக நம்மைத் தேடி வந்தது. அன்றைக்கே மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது. அடுத்த சில நாட்களில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்தது.

மலை முன்போல் இல்லை. அரபிக் கடல் சூடேறுகிறது. மாதக்கணக்கில் தூறிய மழை இப்போது ஓரிரு நாளில் கொட்டுகிறது. 2019 ஆகஸ்ட் 8-ல் நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவானது 82 செ.மீ. திருச்சிக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்! சோலைக்காடும் புல்வெளியும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, கோடையில் மெல்லக் கசியவிடும். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியைச் சீகையும் கற்பூர மரமும் பிடித்துக்கொண்டன. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது: ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அக்டோபரிலேயே மூடப்பட்டது. நம் குழாயில் வருவதும் காவிரி, கொள்ளிடம் படுகைக் கிணற்று நீர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு கணக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். மேட்டூர் திறப்பை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அவலாஞ்சித் தண்ணீர் குந்தா, பவானிசாகர் வழியாகக் காவிரியில் சேர்வது மேட்டூருக்குக் கீழே. ஆனைமலைப் பக்கத்து அமராவதி அதற்கும் கீழே, கரூர் அருகே கலக்கிறது. ஆகவே பவானிசாகர், அமராவதி திறப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். காவிரி சொல்லிவிட்டு வரும். ஜூனில் மேட்டூரில் திறக்கிற தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேர மூன்று நாள்போல் ஆகிறது. வெள்ளக் காலத்தில் அதைவிடச் சீக்கிரம் வரும். இருந்தாலும் அவகாசம் உண்டு. நம் பக்கம் ஓடும் கோரையாறு அப்படியில்லை. மணப்பாறை, விராலிமலைப் பக்கம் ராத்திரி அடித்துப் பெய்தால் சில மணி நேரத்திலேயே கரை நிரம்பிவிடும். அது புத்தூர் கலிங்கு தாண்டி, குடமுருட்டியாகக் காவிரியில் விழ வேண்டும். காவிரியே நிரம்பி ஓடும்போது எங்கே விழும்? பின்னால் ஏறி கிராப்பட்டி, கருமண்டபம், புதூர்த் தெருக்களுக்குத்தான் வரும். 2005 நவம்பரில் பார்த்தோம். 2021 நவம்பரிலும் மேட்டூர் நிரம்பிய அதே மாதத்தில் கோரையாறும் கரைபுரண்டது. தென்மேற்கு மழை முடியத் தாமதித்து, அதன் வாலைப் பிடித்து வடகிழக்கு வந்தால் இரண்டு தண்ணீரும் ஒரே நேரத்தில் மோதும்.

பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து கோரையாற்றை ஒட்டிய மனை விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நின்ற தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குத்தான் நகரும். மனை காட்ட வரும் புரோக்கரிடம் விலையைக் கேட்பதற்கு முன், 2005-ல் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். அவர் இழுத்தால், அக்கம்பக்கத்துப் பெரியவரிடம் விசாரியுங்கள்.

அக்டோபர் பிறந்துவிட்டால் பத்திரம், ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு எல்லாம் பரணில் இருக்கட்டும். வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கைப்பேசியில் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.