சென்னையில் தோன்றிய பொய்க் கிரகம்

வைகாசி மாதத்து இரவொன்றில், அவிநாசிபாளையத்தில் தமக்கை வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தோம். திருப்பூர்ப் பக்கத்து வானம் பனியன் கம்பெனி விளக்குகளால் வெளுத்திருந்தது. மற்றத் திசைகளில் நட்சத்திரங்கள் சுடர்விட்டன.

"மாமா, அந்த நட்சத்திரங்களையும் கிரகங்கள் சுற்றுமா?" என்றான் பன்னிரண்டு வயது மருமான்.

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களில் மிகப் பழையவர் ஒருவர் நம் சென்னையில் இருந்தவர் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரான காப்டன் ஜேக்கப் என்னும் ஆங்கிலேயரே அவர். விருச்சிகத்துக்கு வடக்கே '70 ஓபியூக்கி' என்றொரு இரட்டை நட்சத்திரம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று 88 ஆண்டுகளில் சுற்றி வருகின்றன. கணக்கிட்ட பாதையிலிருந்து அவை சற்றே பிசகுவதாக ஜேக்கப் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத கிரகம் ஒன்று இழுப்பதே காரணமாயிருக்கக் கூடுமென்று 1855-ல் எழுதினார். 'கண்டுவிட்டேன்' என்று பறை சாற்றவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பின்னர் அமெரிக்கரான ஸீ என்பவரும் அங்கே ஓர் இருண்ட துணை இருப்பதாகச் சாதித்தார். அவர் சொன்ன பாதையில் அது நிலைத்திருக்க முடியாதென்று 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். சென்னைக் கிரகம் மறைந்தது.

ஆனால் யோசனை மறையவில்லை. கிரகம் இழுத்தால் நட்சத்திரம் அசையத்தானே வேண்டும்? அந்த அசைவை ஒளியின் நிறமாலையில் அளந்து, 1995-ல் மேயரும் கெலோவும் '51 பெகாஸி'யைச் சுற்றும் கிரகத்தைக் கண்டார்கள். அங்கே ஓர் ஆண்டு நாலே கால் நாள்தான்! 2018-ல் நம்மவர்களும் வென்றார்கள். ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிச்சாலையினர், தாங்களே அமைத்த 'பாரஸ்' கருவியைக் கொண்டு, அபு மலையிலிருந்து சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கிரகம் ஒன்றை எடைபோட்டனர். பூமியைப் போல் 27 மடங்கு எடை!

"கிரகம் எப்படி உண்டாகிறது?" என்றான் பையன்.

பின்னல் யந்திரத்தடியில் பஞ்சுத் தூசி பறந்து, ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாவதை அவன் பார்த்திருக்கிறான். புதிதாய்ப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுப்போல் சுழல்கின்றன. துகள்கள் மோதி ஒட்டிக் கல்லாகின்றன. கல் பெரிதானபின் தன் ஈர்ப்பாலேயே மற்றவற்றை வாரிக்கொள்கிறது. ரிஷப ராசியிலுள்ள 'எச்.எல். டாரி' என்ற இளம் நட்சத்திரத்தின் தட்டை 2014-ல் சிலி தேசத்து ரேடியோத் தொலைநோக்கிகள் படமெடுத்தன. அதில் வளையம் வளையமாக இடைவெளிகள்! வளரும் கிரகங்கள் பெருக்கிய பாதைகளாக அவை இருக்கலாம் என்கிறார்கள்.

நள்ளிரவில் 70 ஓபியூக்கியைச் சுட்டிக் காட்டினேன். மங்கலான புள்ளி, அதன் ஒளி புறப்பட்டுப் பதினாறரை ஆண்டுக்கு மேலாகிறது.

"நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பினதா?" என்று வியந்தான். பிறகு, "அங்கே கிரகமே இல்லையா, மாமா?"

"இதுவரை அகப்படவில்லை, அப்பா."

அவன் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.