மாங்குயில் அணி தோற்ற சித்திரை

உறைபனி உருகி, மொட்டையாய் நின்ற மரங்கள் மீண்டும் துளிர்க்கும் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்போல் பருவம் ஆரம்பமாகின்றது. அந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது ஒரு சிறு புத்தாண்டு. சென்ற ஆண்டின் தோல்விகள் யாவும் ஏட்டிலிருந்து நீங்க, எல்லா அணிகளும் பூச்சியம் வெற்றி, பூச்சியம் தோல்வி என்ற சமநிலையில் நிற்கும் நாள் அது. கடந்த பருவத்தில் கடைசி இடத்தைப் பெற்ற அணியின் அபிமானியும் அன்று காலையில் தலைநிமிர்ந்து வீதியில் நடக்கலாம். மாலையில் எப்படி நடப்பார் என்பது வேறு விஷயம்.

கிரிக்கெட் ஆட்டத்தில் பழகிய நம் கண்களுக்குப் பேஸ்போல் முதலில் புதிராகத் தோன்றக்கூடும். ஆனால், சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதனை விளக்குவது கடினமன்று. பந்தை அடித்தவர் ஓடவேண்டும். சதுரமாக அமைந்த தளங்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டால் ஆறுதலாகவே சுற்றி வரலாம். அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் முறை முடியும். இவ்வாறு ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை. ஐந்து நாட்கள் ஆடி, ஈற்றில் வெற்றி தோல்வியின்றிக் கலைந்து செல்லும் ஆட்டத்தையும் பொறுமையுடன் பார்க்கும் நமக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. இங்கே சமநிலையில் முடிப்பது என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. ஒன்பது முறையில் முடிவு காணாவிடின் பத்தாம் முறை, பதினோராம் முறை என்று ஆடிக்கொண்டே போவார்கள். ஒருவர் வென்றே தீரவேண்டும். மற்றவர் தோற்றே தீரவேண்டும்.

ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு, நாள்தோறும் ஆட்டம் என்றே சொல்லலாம். நூறு வெற்றி பெறும் அணி மிகச் சிறந்த அணி. அதுவும் அறுபத்திரண்டு முறை தோற்றிருக்கும். நூறு முறை தோற்கும் அணி ஊர் சிரிக்கும் அணி. அதற்கும் அறுபத்திரண்டு வெற்றிகள் உண்டு. ஆகவே ஏப்ரில் மாதத்து ஆட்டம் ஒன்றுக்கு நூற்றறுபத்திரண்டில் ஒரு பங்கு மதிப்பே உண்டென்பர் கணக்கறிந்தோர். அபிமானியின் கணக்கோ வேறு. முதல் மூன்று ஆட்டங்களில் தம் அணி வென்றுவிட்டால், ஒக்டோபர் மாதத்து இறுதிப் போட்டிக்கு நுழைவுச் சீட்டு எப்படிப் பெறுவதென்று அவர் யோசிக்கத் தொடங்குவார். மூன்றிலும் தோற்றுவிட்டால், இன்னும் ஆடப்படாத நூற்றைம்பத்தொன்பது ஆட்டங்களுக்கும் சேர்த்துத் துக்கம் அனுஷ்டிப்பார். இது பேதைமைதான். ஆயினும் இப்பேதைமை இல்லாதவரை அபிமானி என்று யாரும் அழைப்பதில்லை.

1988 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து அபிமானிகளுக்கு நேர்ந்த சோதனை, வேறெந்த நகரத்துக்கும் அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்ததில்லை.

பால்டிமோர், மேரிலாந்து மாநிலத்தின் துறைமுகப் பட்டினம்; கப்பற்றுறையிலும் உருக்காலையிலும் பாடுபட்டு வாழ்ந்த மக்களின் நகரம். அதன் அணி 1954 இல் சென் லூயிஸ் நகரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அதற்கு இட்ட பெயர் ஓரியோல்ஸ். ஓரியோல் என்பது செம்மஞ்சளும் கறுப்புமான அழகிய பறவை. அம்மாநிலத்தின் சின்னமும் அதுவே. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியோர், தங்கள் ஊர் மாங்குயிலின் நிறத்தை அதிலே கண்டு அப்பெயரை இட்டனர். உண்மையில் அது நம் தோட்டத்து மாங்குயிலுக்கு உறவன்று. எனினும் நாம் ‘மாங்குயில் அணி’ என்று அழைத்தால் அப்பறவை கோபிக்கப் போவதில்லை. 1966, 1970, 1983 ஆகிய ஆண்டுகளில் இறுதித் தொடரை வென்று மகுடம் சூடிய அணி இது.

இந்தப் பெருமையுடன் ஓர் அச்சமும் அந்நகர மக்களின் மனத்தில் குடிகொண்டிருந்தது. அந்நாட்டில் பெரும் விளையாட்டு அணிகள் தனியாருக்குச் சொந்தமான வியாபார ஸ்தாபனங்கள். உரிமையாளர் விரும்பினால் கடையைப் பெயர்த்துச் செல்வதுபோல அணியை வேறு நகரத்துக்குக் கொண்டு போகலாம். பால்டிமோரில் கோல்ட்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட அணியும் இருந்தது. 1984 மார்ச்சு 28 ஆந் திகதி இரவு, பனி தூறிக்கொண்டிருக்க, வீட்டுச் சாமான் ஏற்றும் லொறிகள் வரிசையாக வந்து அந்த அணியின் தளபாடங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸ் நகருக்குப் புறப்பட்டுவிட்டன. நகரம் விடிந்து கண்விழித்தபோது அணி இல்லை. எஞ்சியிருந்தது மாங்குயில் அணி. அதன் உரிமையாளர் எட்வேர்ட் பெனற் வில்லியம்ஸ், அருகிலுள்ள வாஷிங்டனில் பெயர்பெற்ற வழக்கறிஞர். 1979 இல் அவர் அணியை வாங்கிய நாள் முதல், தலைநகருக்கு அதனைக் கொண்டு போய்விடுவாரோ என்ற ஐயம் பால்டிமோர் மக்களை விட்டகலவில்லை.

இந்த நிலையிற்றான் 1988 ஏப்ரில் 4 ஆந் திகதி பருவம் தொடங்கியது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அரங்கில் நிறைந்திருந்தனர். மில்வோக்கி அணி 12 ஓட்டங்கள் எடுத்தது. மாங்குயில் அணி ஒன்றும் எடுக்கவில்லை. போகட்டும், ஓர் ஆட்டந்தானே என்று மக்கள் வீடு திரும்பினர். அடுத்ததும் தோல்வி. அதற்கடுத்ததும் தோல்வி.

அப்பொழுது அணியை நடத்தும் முகாமையாளராக இருந்தவர் கல் ரிப்கன் என்ற பெரியவர். ஆடுவோரைத் தெரிவதும், ஆட்டத்தின் போக்கை நடத்துவதும் அப்பதவியிலிருப்பவரின் பொறுப்பு. முப்பது ஆண்டுகளாக அந்த ஸ்தாபனத்தின் கீழ்ப்படிகளில் உழைத்து, 1987 இலேதான் அப்பதவிக்கு உயர்ந்தவர் அவர். அவருடைய புதல்வர் இருவர், தந்தையின் பெயரையே கொண்ட கல் ரிப்கன், தம்பி பில்லி ரிப்கன், அதே அணியில் ஆடினர். தந்தை ஒருவர் தம் இரு மைந்தரை ஒரே காலத்தில் ஒரே அணியில் வைத்து நடத்தியது அப்பெரும் போட்டிகளின் வரலாற்றில் அதுவே முதற்றடவை. ஆறு ஆட்டங்களில் ஆறு தோல்வி கண்டதும், ஏப்ரில் 12 ஆந் திகதி தந்தையைப் பதவியினின்று நீக்கினார்கள். நூற்றறுபத்திரண்டில் ஆறே ஆட்டங்கள்! பிள்ளைகள் இருவரும் அன்றும் களத்தில் இறங்கி ஆடவேண்டியிருந்தது. இளையவர் பில்லி, தமது மூன்றாம் இலக்கச் சட்டையைக் களைந்து, தந்தை அணிந்த ஏழாம் இலக்கத்தைத் தமதாக்கிக் கொண்டார். வாய்விட்டு எதையும் சொல்லமுடியாத ஒரு தொழிலாளி சொல்லக்கூடிய மறுமொழி வேறென்ன?

அணியைப் பொறுப்பேற்ற பிராங் ரொபின்சன் சாமானியரல்லர். 1966 இல் இதே அணியின் வெற்றிக்குத் தூணாக நின்றவர்; 1975 இல் பெரும் அணி ஒன்றை நடத்திய முதலாவது கறுப்பினத்தவர் என்ற பெருமைக்கு உரியவர். அவர் வந்தும் காற்றுத் திசைமாறவில்லை. பருவத் தொடக்கத்தில் பதின்மூன்று தொடர்தோல்வி என்பதே அதுவரை இருந்த பதிவு. 1904 இல் வாஷிங்டனும் 1920 இல் டெட்ரொயிற்றும் அந்த அவப்பெயரைப் பகிர்ந்திருந்தன. மாங்குயில் அணி அதனையும் தாண்டிச் சென்றது. நாடெங்கும் பரிகாசம் எழுந்தது. ஜனாதிபதி ரீகன் தொலைபேசியில் அழைத்து ரொபின்சனுக்கு ஆறுதல் கூறினார். உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் பொப் றிவேர்ஸ், அணி வெல்லும்வரை ஒலிவாங்கியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போவதில்லையென்று சபதம் செய்தார். அச்சபதம் அவரை 258 மணி நேரம், அதாவது பதினொரு நாட்களுக்குச் சற்றுக் குறைவாக, நிலையத்திலேயே கட்டிப்போட்டது. ஒரு நாளில் முடியுமென நினைத்திருப்பார், பாவம்.

ஏப்ரில் 28 முடிய இருபத்தொரு ஆட்டங்கள், இருபத்தொன்றும் தோல்வி. மறுநாள், 29 ஆந் திகதி, சிக்காகோ நகரில் முதல் முறையிலேயே எடி மறே ஒரு ஹோம் ரன் அடித்து இரண்டு ஓட்டங்களைச் சேர்த்தார். மார்க் வில்லியம்சன் ஆறு முறைகளிலும், டேவ் ஷ்மிட் எஞ்சிய மூன்றிலும் பந்து வீசி, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாது காத்தனர். ஒன்பதுக்குப் பூச்சியம். வானொலிக்காரர் வீட்டுக்குப் போனார். அதன்பின் சிக்காகோவில் மேலும் இரு தோல்விகளைப் பெற்று, ஒரு வெற்றி, இருபத்துமூன்று தோல்வி என்ற கணக்குடன் அணி ஊர் திரும்பியது.

மே மாதம் 2 ஆந் திகதி, திங்கட்கிழமை இரவு. இத்தகைய அணியைப் பார்க்க யார் வருவார்? 50,402 பேர் வந்தனர். அபிமானிகளுக்கான சிறப்பு இரவு என்று விளம்பரப்படுத்தியிருந்தது உண்மை. வேடிக்கை பார்க்க வந்தோரும் இருந்திருப்பர். ஆயினும் வேலை நாளிரவில் ஐம்பதாயிரம் பேரை வேடிக்கை மட்டும் இழுத்து வந்திருக்குமென்று நாம் எண்ணவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அணியை இரவோடிரவாகப் பறிகொடுத்த மக்கள் அவர்கள். வென்ற காலத்தில் கூடுவதை எந்த உரிமையாளரும் கணக்கில் எடுத்துக்கொள்வார். தோற்ற காலத்தில் கூடினால் அவர் சற்று நின்று யோசிக்கவேண்டும். அன்றிரவு அந்த மைதானத்திலேயே மாநில ஆளுநர் வில்லியம் டொனால்ட் ஷேபரும் உரிமையாளர் வில்லியம்சும் ஒரு செய்தியை வெளியிட்டனர். புதிய விளையாட்டரங்கு கட்டப்படும். அதற்குப் பதினைந்து ஆண்டுக் குத்தகையில் அணி கையெழுத்திடும். உதைபந்தாட்ட அணி ஓடியபோது நகர மேயராக இருந்து கைபிசைந்து நின்றவர் இதே ஷேபர். வில்லியம்ஸ் புற்றுநோயால் நலிந்திருந்தார். அவ்வாண்டு ஓகஸ்டு 13 ஆந் திகதி காலமானார். அன்றைய ஆட்டத்தில் டெக்சஸ் அணியை ஒன்பதுக்கு நான்கு என்ற கணக்கில் மாங்குயில் அணி வென்றது.

புதிய அரங்கு வெறும் வாக்குறுதியாகப் போகவில்லை. பழைய புகையிரத முற்றம் ஒன்று இருந்த இடத்தில், நீண்ட செங்கற் பண்டகசாலையை இடியாது அருகிலேயே நிறுத்தி அது எழுப்பப்பட்டு, 1992 ஏப்ரில் 6 ஆந் திகதி திறக்கப்பட்டது. பிற நகரங்கள் பல அதன் பாணியைப் பின்பற்றின.

கணிதத்தில் விருப்பமுள்ள மாணவர்கள் இதனைச் சிந்திக்கலாம். அந்தப் பருவம் முடிந்தபோது கணக்கு 54 வெற்றி, 107 தோல்வி. ஆரம்பத்து இருபத்தொன்றை நீக்கினால், எஞ்சிய 140 ஆட்டங்களில் 54 வெற்றி. பலவீனமான அணிதான், ஆனால் கேட்டறியாத பலவீனமன்று. மூன்று ஆட்டங்களுக்கு ஒன்று வீதம் வெல்லக்கூடிய அணி, குறித்த இருபத்தொரு ஆட்டங்களிலும் அடுத்தடுத்துத் தோற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒன்று. மூன்றில் இரண்டு என்ற பின்னத்தை இருபத்தொரு முறை தன்னாற் பெருக்கிப் பார்த்தால் தெரியும். அந்த ஐயாயிரத்தில் ஒன்று, ஒரு முதியவரின் உத்தியோகத்தையும் பறித்துச் சென்றது.

1989 இல் அதே நகரம் வேறொரு வேடிக்கையைக் கண்டது. பெரும்பாலும் இளைஞரைக் கொண்ட அணி 87 ஆட்டங்களில் வென்று, பருவத்தின் கடைசி வார இறுதிவரை தன் பிரிவின் முதலிடத்துக்குப் போராடி, டொறன்ரோ அணியிடம் அதனை இழந்தது. அப்பருவத்தின் முதல் ஆட்டம் ஏப்ரில் 3 ஆந் திகதி பொஸ்டன் அணியுடன் நடைபெற்றது. ஜனாதிபதி புஷ் முதற்பந்தை வீசித் தொடக்கி வைத்தார். ஆட்டம் பதினோராம் முறைவரை நீண்டு, ஐந்துக்கு நான்கு என்று மாங்குயில் அணியின் வெற்றியில் முடிந்தது. இடையிலே, அக்காலத்தில் எவரும் அஞ்சிய பந்து வீச்சாளர் ரொஜர் கிளெமென்சின் பந்தை மூத்த மகன் கல் ரிப்கன் வேலிக்கு அப்பால் அனுப்பி, மூன்று ஓட்டங்களைப் பெற்றார். தளங்களைச் சுற்றி வருகையில் மூன்றாம் தளத்தைக் கடந்துதான் வீடு சேரவேண்டும். அத்தளத்தருகே நின்று ஓடுவோருக்குச் சைகை காட்டும் பயிற்சியாளர் பதவி ஒன்று உண்டு. முந்திய ஆண்டு ஆறே ஆட்டங்களில் நீக்கப்பட்ட தந்தையை அந்தப் பதவிக்கு மீண்டும் அழைத்திருந்தார்கள். மகன் ஓடி வந்தபோது அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.