ஜவுளிக்கடையும் பஞ்சாங்கமும்

வங்காளிகளின் பஞ்சாங்கத்தில் சைத்ரம் வருஷத்தின் கடைசி மாதம். மார்ச் நடுவில் பிறந்து ஏப்ரல் நடுவில் முடிகிற அந்த ஒரு மாத காலமும், தென் கல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியில் நடைபாதை என்பது நடப்பதற்கான இடம் என்ற நினைப்பையே ஜனங்கள் கைவிட்டு விடுகிறார்கள். போர்வை, தலையணை உறை, நைட்டி, குழந்தைகள் சட்டை, கைத்தறிப் பருத்திச் சேலை என்று குவியல் குவியலாகக் கொட்டி வைத்துக்கொண்டு, முக்காலி மேல் ஏறி நின்று, போகிற வருகிற பெண்களையெல்லாம் 'தீதி' என்றும் 'பௌதி' என்றும், அதாவது அக்கா என்றும் அண்ணி என்றும் உறவு கொண்டாடிக் கூவுகிற வியாபாரிகளின் குரல், டிராம் மணியையும் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்கும். இதற்குச் 'சைத்ர சேல்' என்று பெயர்.

இந்தத் தள்ளுபடியின் காரணத்தை விசாரித்தால் ஜவுளி வர்த்தகத்தின் அந்தரங்கமே விளங்கிவிடும். வங்காளத்தில் சைத்ர மாதத்தில் கல்யாணம் செய்ய மாட்டார்கள். ஆகவே பட்டுக்கும் சரிகைக்கும் கேட்பாரில்லை. மாதம் முடிந்த மறுநாளோ 'பொய்லா பொய்ஷாக்', அதாவது வருஷப் பிறப்பு. அன்று 'ஹால் காதா' என்னும் புதுக் கணக்குப் புஸ்தகம் திறக்க வேண்டும். பழைய சரக்கைப் பழைய வருஷத்தோடு தலை முழுகாவிட்டால், புதுச் சரக்குக்கு அலமாரியில் இடமும் இல்லை, பெட்டியில் பணமும் இல்லை. இந்தச் சங்கடத்தைச் சங்கடமென்று வெளியே சொல்லாமல், ஊர் முழுதும் ஆவலோடு காத்திருக்கும் ஒரு திருவிழாவாக மாற்றிக் காட்டியதுதான் வியாபாரியின் சாமர்த்தியம். நமக்கு இது புரியாத விஷயமில்லை. முகூர்த்தமில்லாத ஆடியை நம்மவர்கள் தள்ளுபடி மாதமாக்கிக் கொண்டது போலவேதான் அவர்கள் சைத்ரத்தை ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹால் காதாவையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சிவப்புத் துணி போர்த்திய பேரேட்டைக் காளிகாட்டுக்கோ தக்ஷிணேசுவரத்துக்கோ எடுத்துச் சென்று பூஜை செய்து குங்குமம் இட்டுக் கொண்டுவந்த பிறகு, முன்னமே அச்சடித்து அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்துக் குடும்பத்தோடு வந்து சேரும் வாடிக்கைக்காரரைக் கடைக்காரர் வாசலுக்கே வந்து வரவேற்கிறார்; உட்காரச் சொல்கிறார்; ஒரு மிட்டாய்ப் பெட்டியும் சுருட்டிய காலண்டரும் கையில் கொடுக்கிறார். பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாததனாலேயே, வந்தவர் தாமாக எடுத்து வைக்கிறார். இன்றைக்குப் பெருங்கடைகள் லட்சக்கணக்கில் செலவழித்து, அட்டை கொடுத்து, புள்ளி கொடுத்து, கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிச் சாதிக்க முயல்வதெல்லாம் இந்த மிட்டாய்ப் பெட்டி சாதித்த காரியத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

அரிசி வியாபாரிக்கு இத்தனை உபசாரம் தேவையில்லை. பசி அவருக்காக வேலை செய்கிறது. துணி அப்படியல்ல. பெட்டி நிறையச் சேலை வைத்திருப்பவளே இன்னொரு சேலை வாங்கினால்தான் கடை நடக்கும். மேலும் துணி அழுகாது என்றாலும் அதற்கும் கெடு உண்டு. சென்ற வருஷத்துக் கரையும் சென்ற வருஷத்து நிறமும் இந்த வருஷம் அரை விலைக்குப் போகும். அப்படிப் போகாமல் தங்கிய சரக்கு மூலதனத்தையே விழுங்கி விடும். ஆகையால், வேண்டும் என்ற எண்ணத்தை உரிய நாளில் உண்டாக்குவதும், கெடு முடியுமுன் சரக்கை வெளியேற்றுவதுமே இந்தத் தொழிலில் 'மார்க்கெட்டிங்' என்று சொல்லப்படுவதன் பிரதான வேலை. பத்திரிகையில் படம் போடுவது அதில் ஒரு பகுதிதான்.

பேரம் பேசும் இந்த ஊருக்கு வேறு வழி காட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1882-இல் ஆரம்பமான ஒயிட்அவே லெயிட்லா கம்பெனி, சௌரங்கி மூலையில் கோபுரம் வைத்த மாளிகை கட்டி, ஒட்டிய விலை ஒட்டியதுதான், கடன் கிடையாது, கையில் காசு கொடு என்று வியாபாரம் செய்தது. 'ரைட்-அவே அண்ட் பெய்ட்-ஃபார்' என்று ஊரார் அதன் பெயரைத் திரித்துக் கேலி செய்தார்கள். (நம் சென்னை மவுண்ட் ரோட்டிலும் அதற்குக் கிளை இருந்தது.) கடனும் மிட்டாயுமாக இருந்த உறவுக்கு எதிரே, பேரமில்லாத நாணயம் ஒரு கவர்ச்சியாக வந்து நின்றது.

அந்தக் கவர்ச்சியை உடைத்தது இன்னொரு கவர்ச்சி. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய மகாசபை, அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தபோது, துர்க்கா பூஜைக்கு ஏறத்தாழ இரண்டு மாதமே இருந்தது. மான்செஸ்டர் சரக்கு மலை போல இறங்கி விற்க வேண்டிய பருவம் அது. அந்தப் பருவத்தில், சொரசொரப்பான சுதேசித் துணியைக் கட்டுவது வறுமையின் அடையாளமல்ல, மானத்தின் அடையாளம் என்று ஜனங்களை நம்பச் செய்துவிட்டார்கள். கவிஞர் ரஜனிகாந்த சேனின் பாட்டொன்று முரட்டுத் துணிக்கே பெருமை தேடித் தந்தது. தேசபக்தியை விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் துணியின் மதிப்பு நூலில் மட்டும் இல்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்திலும் இருக்கிறது என்பதை இந்தியாவில் அதற்கு முன் யாரும் இவ்வளவு பெரிய அளவில் நிரூபித்ததில்லை. காரணம் சொல்லி விற்கும் வித்தையில் கல்கத்தாவுக்கு முன்னமே பழக்கமும் உண்டு: குந்தலீன் கூந்தல் தைலம் தயாரித்த ஹேமேந்திரமோகன் போஸ் 1896-இல் ஒரு சிறுகதைப் பரிசு ஏற்படுத்தி, கதையில் தைலத்தின் பெயர் வரவேண்டும், ஆனால் விளம்பரமாகத் தெரியக்கூடாது என்று நிபந்தனை போட்டார். முதல் பரிசைத் தட்டிச் சென்றவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்!

பூஜைக்குப் புதுத்துணி என்பது பழைய சம்பிரதாயம். பூஜைக்குப் புதுச் செருப்பு என்பது பாட்டா கம்பெனி கற்றுக் கொடுத்த சம்பிரதாயம் என்றே சொல்லலாம். ஹூக்ளிக் கரையில் பாட்டாநகரை நிறுவிய அந்தச் செக்கோஸ்லோவாகியக் கம்பெனி, பூஜைக்குப் புதுச் செருப்பு வேண்டும் என்ற பொருள்பட வங்காளியில் வெளியிட்ட விளம்பர வாசகத்தை அங்கே இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். முழு ரூபாயைத் தொடாமல் ஐந்து பைசா குறைத்து விலை போடும் தந்திரத்துக்கு 'பாட்டா விலை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பூஜை போனஸ் கைக்கு வரும் வாரங்களில் இவையெல்லாம் ஒன்றுகூடிச் செய்யும் வேலை சாமானியமல்ல. பிரிட்டிஷ் கவுன்சில் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு, 2019-ஆம் வருஷத்துப் பூஜையைச் சார்ந்த தொழில்களின் மொத்த மதிப்பை 32,377 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் சில்லறை வியாபாரம் மட்டும் 27,364 கோடி.

1997-இல் பம்பாய் வியாபாரி கிஷோர் பியானி தம் முதல் பாண்டலூன்ஸ் பெருங்கடையைத் திறந்தது பம்பாயில் அல்ல, இதே கரியாஹாட்டில். நான்கு வருஷம் கழித்து அவர் கல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஊர்களில் பிக் பஜார் தொடங்கியபோது மனத்தில் வைத்திருந்த மாதிரி எது தெரியுமா? நம் ரங்கநாதன் தெருவின் சரவணா ஸ்டோர்ஸ். பளபளவென்று ஆளில்லாமல் இருக்கும் கடைக்குள் நுழைய நம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கூச்சம். இடித்துக்கொண்டு, கிளறிப் பார்த்து, கையில் எடுத்துத் தடவிப் பார்க்கும் இடத்தில்தான் அதற்குச் சுதந்திரம் என்பதை அவர் கண்டுகொண்டார். எனவே குளிர்சாதனம் செய்த கட்டடத்துக்குள்ளே வேண்டுமென்றே சந்தைக் கூட்டத்தை வரவழைத்தார். கூட்டம் வந்தது, கடனும் கூடவே வளர்ந்தது. 2012-இல் பாண்டலூன்ஸை ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கைமாற்ற நேர்ந்தது.

தள்ளுபடியே ஆகாது என்னும் கட்சியும் அதே கல்கத்தாவில் தோன்றியிருப்பதுதான் வேடிக்கை. ரவி மோடி 1999-இல் தொடங்கிய மான்யவர், பருவக் கடைசித் தள்ளுபடி இல்லை என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டு, தையற்காரரிடம் இருந்த கல்யாணக் குர்த்தாவையும் ஷேர்வானியையும் ஆயத்த ஆடையாக்கி, மாப்பிள்ளையோடு நில்லாமல் கல்யாணத்துக்கு வருகிறவர்களையும் அலங்கரித்துக்கொண்டு வரச் சொல்லி விளம்பரம் செய்கிறது. கல்யாண உடைக்கு வருஷா வருஷம் கெடு தீர்வதில்லை என்பதால் இது சாத்தியமாகிறது. ஆடை வடிவமைப்பாளர் சவ்யசாசி முகர்ஜி இன்னும் ஒரு படி மேலே போனவர். 2017-இல் விராட் கோலிக்கும் அனுஷ்கா சர்மாவுக்கும் நடந்த கல்யாணத்தின் படங்களைப் பார்த்த அத்தனை பேரும் அவருடைய உடைகளையும் பார்த்தார்கள். 2021-இல் அவருடைய நிறுவனத்தின் 51 சதவீதத்தை 398 கோடி ரூபாய்க்கு ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் எச் அண்ட் எம் கடைகளுக்கு அவர் வகுத்த உடைகள் சில நிமிஷங்களில் தீர்ந்தன. உடனே கைவினை அமைப்புகளிடமிருந்து ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது: இந்தியக் கைவினையின் பெயரால் விற்கிற இந்தத் துணியில் கைவினைஞனின் கை எங்கே? நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் நாளும் கிழமையும் உள்ள துணியைப் பற்றி. பண்டிகையும் இல்லாமல், பிறர் கண்ணுக்கும் படாமல், அரை விலைக்குக் கொடுத்தாலும் இரட்டிப்பாக வாங்க ஆளில்லாத துணி ஒன்று இருக்கிறது: பனியன். கல்கத்தாக்காரர்கள் அதைக் 'கெஞ்ஜி' என்பார்கள். 1893-இல் கிதிர்ப்பூரில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தத் தொழில், திருப்பூர் பெயர் பெறுவதற்கு முன்பே அங்கே வேரூன்றிவிட்டது. ரூபா, டாலர், லக்ஸ் மூன்றுக்கும் இன்றும் தலைமையகம் அந்த நகரமே. ஒருவரும் பார்க்காத உடைக்கு அக்ஷய் குமாரைப் போன்ற நட்சத்திரங்களைக் கூட்டி வருவானேன் என்று கேட்டால், காரணம் அதிலேயே இருக்கிறது. சேலையைப் பிரித்துப் போடச் சொல்லலாம், முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பனியனோ மூடிய அட்டைப் பெட்டியில் வருகிறது, ஒன்றுக்கொன்று பேதமும் தெரிவதில்லை. அட்டை மேலுள்ள முகம்தான் பேசவேண்டும். அதுவும் பாதி வேலைதான் செய்யும். ஏனெனில் சிற்றூர்க் கடையில் வந்து நிற்பவர், 'அண்ணே, எண்பத்தஞ்சு சைஸிலே ரெண்டு பனியன்' என்று அளவை மட்டும் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எந்தப் பெட்டியை இறக்குவது என்று தீர்மானிப்பது கடைக்காரரின் கை. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் நட்சத்திரத்துக்குக் கொடுத்தது போக மிச்சத்தை அந்தக் கைக்குக் கமிஷனாகவும் பரிசாகவும் கொடுத்து வைக்கிறார்கள்.